இருபத்தஞ்சாம் நம்பர்

"நிக்குதா ஜனகு?"

"நிக்கல சார்."

"இப்ப?"

"இப்பவும் போய்க்கிட்டேதான் இருக்கு. மொதல்ல கதவச் சாத்துங்க சார், வெக்கை உள்ள வருது. நீங்க எட்டிப் பாக்குறப்ப எல்லாம் ஒரு புள்ளி நகருது."

கதவை அரை சாண் திறந்து மூக்கை மட்டும் உள்ளே நீட்டியிருந்தவர் முதலாளி கோகுல்நாத். மூக்கை இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். உள்ளே, திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருந்தான் டெஸ்டிங் என்ஜினியர் ஜனகராஜ். திரையில் நட்டுவைத்த குச்சிபோல ஒரு பச்சைக் கோடு நின்றது. நின்றது என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். அது நிற்காமல் வலது பக்கம் ஊர்ந்துகொண்டிருந்ததுதான் பிரச்சினையே.

2002-ஆம் வருடத்து மே மாதம், செவ்வாய்க்கிழமை. வெளியே அக்கினி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்தது.

மதுரையிலிருந்து வாடிப்பட்டி போகிற சாலையில் ஒரு சின்னத் தொழிற்பேட்டை. அதில் கோகுல்நாத்தின் கம்பெனி ஃபைபர் கிரேட்டிங் என்ற ஒன்றைச் செய்தது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். தலைமுடி மொத்தத்தில் ஒரு கண்ணாடி இழை. அதற்குள் லேசரை வைத்துக் கண்ணுக்குத் தெரியாத வரிகளைப் போட்டுவிட்டால், உள்ளே வருகிற ஒளியில் ஒரே ஒரு நிறத்தை மட்டும் திருப்பி அனுப்பும், மற்றதையெல்லாம் போகவிடும். ஒரே இழையில் ஆயிரம் பேர் டெலிபோன் பேசும்போது, யார் பேச்சு யாருக்கு என்று பிரித்துக் கொடுக்க இது வேண்டும். எந்த நிறம் திரும்பி வருகிறதோ அந்த இடத்தில் திரையில் கோடு நிற்கும். இழைக்குச் சூடு பட்டால் நிறம் மாறிவிடும். கோடு வலது பக்கம் நகரும். குளிர்ந்தால் இடது பக்கம் வரும். டெலிபோன் இழையில் கோடு நகர்ந்தால் சம்மந்தி வீட்டுப் பேச்சு சண்டைக்காரன் வீட்டுக்குப் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே கோடு நகரக் கூடாது. நகராமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் நாலு வருடமாக ஜனகராஜுக்குச் சம்பளம்.

முன்பெல்லாம் சூட்டுக்கு அசையாத உறை ஒன்று வெளிநாட்டிலிருந்து வரும். அதற்குள் இழையை வைத்து அடைத்தால் வேலை முடிந்தது. இப்போது உலகம் பூராவும் டெலிபோன் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்துவிட்டன. உறை செய்தவனும் படுத்துவிட்டான். எட்டு மாதமாகக் கோகுல்நாத்துக்கு ஒரு ஆர்டர் இல்லை.

ஆர்டர் இல்லையே தவிர, வேறொருவர் தவறாமல் வந்துகொண்டிருந்தார். மாட்டுத்தாவணியில் பூ மொத்த வியாபாரம் செய்யும் மலையாண்டி. தொழிற்பேட்டை முழுவதிலும் பெரிய ஏசி வைத்த அறை ஜனகராஜின் டெஸ்டிங் அறை ஒன்றுதான். மல்லிகையை வாடாமல் வைக்க அதைவிட நல்ல இடம் ஏது? மலையாண்டி இரண்டு தடவை வந்து டேப்பைப் பிடித்து அறையை அளந்துவிட்டுப் போயிருந்தார்.

"மொதலாளி, நீங்க எப்ப மூடுறீகளோ அப்பச் சொல்லுங்க. அவசரமில்ல, இந்த மாசத்துக்குள்ள சொன்னாப் போதும்" என்பார். ஜனகராஜிடம் தனியாக, "தம்பி ஒண்ணும் கவலப்படாதீக. பூக்கூட எண்ணுறதுக்கு எனக்கு ஒரு படிச்ச ஆளு வேணும்" என்று தோளைத் தட்டுவார். நல்ல மனிதர்தான். அதனாலேயே அவர் தலை தெரிந்தால் ஜனகராஜ் டெஸ்டிங் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். கிரேட்டிங் டெஸ்ட் பண்ணத் தெரியும் என்று தல்லாகுளத்தில் போய் வேலை கேட்டால், எந்த ஆபீஸில் கொடுப்பார்கள்?

இந்த நிலைமையில்தான் திங்கட்கிழமை பெங்களூரிலிருந்து ஒரு ஃபேக்ஸ் வந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் ஆர்டர்.

கோகுல்நாத் அமெரிக்காவில் படித்து, அங்கேயே ஏழு வருடம் ஒளியைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர். ஆனாலும் புது ஆர்டர் வந்தால் அதன் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, மீனாட்சி படத்துக்கு முன்னால் வைத்து, சூடம் காட்டிய பிறகுதான் படிப்பார். அவருடைய அப்பா ஜவுளிக் கடையில் அப்படித்தான் செய்தார். அந்தக் கடை நன்றாகத்தான் ஓடியது. எட்டு மாதம் கழித்து வந்த ஆர்டர் என்பதால் சூடத்தைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தார். தட்டைக் கொஞ்சம் கிட்டத்திலேயே சுற்றினார். மூன்றாவது சுற்றில், வழவழவென்றிருந்த ஃபேக்ஸ் தாள் நடுவிலிருந்து கறுக்க ஆரம்பித்தது.

ஃபேக்ஸ் தாளில் மை கிடையாது. சூட்டை வைத்துத்தான் மெஷின் எழுதுகிறது என்பது கோகுல்நாத்துக்கு மிக நன்றாகத் தெரியும். தட்டைக் கீழே வைத்த பிறகு தெரிந்தது.

மேலே நாலு வரி தப்பியிருந்தது. சாம்பிள் இருபத்தைந்து வேண்டும், எங்கள் என்ஜினியர் சனிக்கிழமை காலை நேரில் வந்து சோதிப்பார், திருப்தியாக இருந்தால் பெரிய ஆர்டர் உண்டு. அதற்குக் கீழே ஒரே அமாவாசை. அந்தக் கறுப்புக்குள் சாய்த்துப் பிடித்து உற்றுப் பார்த்தால் 'வெப்பநிலை' என்ற ஒரு சொல்லும், கோட்டின் நகர்வை அளக்கும் '0.01 நானோமீட்டர்' என்ற ஒரு அளவும் மட்டும் மங்கலாகத் தெரிந்தன.

"இன்னொரு தடவை அனுப்பச் சொல்லலாமே சார்?" என்றான் ஜனகராஜ்.

"என்னன்னு சொல்லி ஜனகு? உங்க ஆர்டருக்குச் சூடம் காட்டினோம், கருகிப்போச்சுன்னா? பெங்களூர்க்காரங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க. சூட்டைத் தாங்குற சாமான் செய்யுறவன் ஒரு தாளைக் காப்பாத்தத் தெரியாதவன்னு பேராயிரும்." கோகுல்நாத் தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். "இதுல தெரியாம இருக்கிறதுக்கு என்ன இருக்கு? வெப்பநிலை எப்படி மாறினாலும் கோடு 0.01-க்கு மேல அசையக் கூடாது. டெலிபோன்காரங்க எல்லாரும் கேக்குறதுதான?"

ஜனகராஜுக்கும் அதில் சந்தேகம் எழவில்லை. நாலு வருடத்தில் அசைய வேண்டும் என்று அவனிடம் யாரும் கேட்டதே இல்லை.

அலமாரியில் பழைய இழைகள் இருபத்தைந்து இருந்தன. உறை இல்லாத வெற்று இழைகள். அவற்றை ஒரு திருகு சுவிட்ச் பெட்டியில் வரிசையாக மாட்டினான். ஒன்றுக்குத் திருகினால் ஒன்றாம் நம்பர் இழையின் கோடு திரையில் வரும். இரண்டுக்குத் திருகினால் இரண்டாவது. எந்த எண்ணுக்குத் திருகினாலும் கோடு ஊர்ந்துகொண்டே இருந்தது.

முதலில் ஏசியைச் சந்தேகப்பட்டான். அது கொஞ்ச நேரம் ஓடியது, கொஞ்ச நேரம் ஓய்வெடுத்தது. ஓடும்போது கோடு இடது பக்கம் போனது, ஓய்ந்தால் வலது பக்கம் வந்தது. சரி, ஓய்வே கொடுக்க வேண்டாம் என்று குளிரை உச்சத்தில் வைத்து முழுமூச்சாக ஓடவிட்டான். மத்தியானம் இரண்டு மணிக்கு ஸ்டெபிலைசர் 'டப்' என்றது. கொஞ்சம் புகை வந்தது. அத்தோடு ஏசி நிரந்தர ஓய்வுக்குப் போய்விட்டது. ரிப்பேர்காரர் போனிலேயே, "திங்கக்கிழமை வாரேண்ணே" என்று சொல்லிவிட்டார்.

"பரவாயில்ல சார். வெளிக்காத்து உள்ள வராமப் பாத்துக்கிட்டா சூடு மாறாது" என்றான் ஜனகராஜ். ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு எல்லாவற்றிலும் செய்தித்தாளைத் திணித்து டேப் ஒட்டினான். உட்கார்ந்து திரையைப் பார்த்தான். கோடு நகர்ந்தது. யோசித்ததில், அறைக்குள்ளே சூடான பொருள் தான் ஒருவன்தான் என்று தெரிந்தது. வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, கோகுல்நாத்தின் பைனாகுலரைக் கடன் வாங்கிக் கதவுக் கண்ணாடி வழியாகத் திரையைப் பார்த்தான்.

வராந்தாவைப் பெருக்கிக்கொண்டு வந்த மாயக்காள் நின்றாள். கம்பெனியில் கூட்டுவது, கழுவுவது, டீ போடுவது எல்லாம் அவள் பொறுப்பு. "என்ன சாரு, நம்ம ரூம்பையே பைனாகுலர் வச்சுப் பாக்குறீக?"

"உள்ள போனாச் சூடாகுது மாயக்கா."

"போகாட்டியும் சூடாகத்தேன செய்யும்? மேல கெடக்கிறது ஆஸ்பெஸ்டாஸு."

அவள் சொன்னதுதான் சரி. காற்றுப் புகாமல் அடைத்த அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வெந்துகொண்டிருந்தது. கோடு முன்னைவிட வேகமாக ஓடியது.

புதன்கிழமை காலையில் ஐஸ் பாரை வாங்கி வந்து, வாளியில் போட்டு இழைகளுக்குப் பக்கத்தில் வைத்தான். கோடு இடது பக்கம் ஒரே ஓட்டமாக ஓடித் திரையை விட்டே போய்விட்டது. கதவைத் திறந்த கோகுல்நாத் வெறுந்திரையைப் பார்த்துவிட்டு வீட்டுமொழியான சௌராஷ்டிரத்தில் நாலு வார்த்தை சொன்னார். கோபம் வந்தால் அவர் அந்த மொழிக்கு மாறிவிடுவார். மற்றவர்களுக்குப் புரியாது. ஜனகராஜுக்கும் அதுதான் வீட்டுமொழி என்பதால் அவனுக்கு மட்டும் ஒன்றுவிடாமல் புரிந்தது.

மத்தியானத்துக்குள் அவனுக்கு இன்னொரு யோசனை வந்தது. மாயக்காளிடம் குழாய் வைத்த பெரிய டீ கேன் ஒன்று இருந்தது. இரட்டைச் சுவர், நடுவில் தெர்மாகோல். காலையில் ஊற்றிய டீ மத்தியானம் வரை சூடு குறையாது. அதில் தண்ணீரை நிரப்பி இழையை உள்ளே விட்டால், வெளியே வெயில் என்ன ஆட்டம் போட்டாலும் உள்ளே ஒரே நிதானமாக இருக்கும்.

"என் கேன்ல ஓட்ட போடப் போறீகளா?" என்று மாயக்காள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"கழுத்துல சின்ன ஓட்டைதான் மாயக்கா. ஒரு ஊசி போற அளவு. சனிக்கிழமைக்கு அப்புறம் புது கேன் வாங்கித் தாரேன்."

"சனிக்கெழம கம்பெனி இருக்குமான்னே பேசிக்கிறாக. நீங்க புதுக் கேன் வாங்கித் தாரீகளாக்கும்" என்று முணுமுணுத்தாலும் கொடுத்துவிட்டாள். அவளும் இந்தச் சம்பளத்தை நம்பித்தான் இருந்தாள்.

பக்கத்து லேத் பட்டறை சோணை வந்து, கேனின் கழுத்தில் துளை போட்டுக் கொடுத்தான். சோதனைக்கு முதலில் இருபத்தஞ்சாம் நம்பர் இழையை எடுத்தான் ஜனகராஜ். ஊசி மாதிரி ஒரு மெல்லிய எஃகுக் குழாய்க்குள் இழையை விட்டு, குழாயைத் துளை வழியாகக் கேனின் அடிவரை இறக்கி, கழுத்தோடு பசை வைத்து ஒட்டினான். பிறகு சமையல்கட்டுக் குழாயைத் திறந்து குடம் குடமாகத் தண்ணீரைப் பிடித்து ஊற்றினான். மே மாதம் மத்தியானம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருகிற தண்ணீர் என்ன சூட்டில் இருக்கும் என்பது மதுரையில் குளித்த எல்லோருக்கும் தெரியும். திரையில் வரிசையாகப் போட்டிருந்த கட்டங்களில் ஒன்றைத் தாவி, கோடு வலது பக்கம் போய் நின்றது.

"எடுத்துருங்க, டீ போடணும்" என்றாள் மாயக்காள்.

குழாயை இழுத்தான். வரவில்லை. பசை நல்ல பசை, ஒட்டினால் ஒட்டியதுதான். ஆட்டிப் பார்த்தால் உள்ளே இழை ஒடிந்துவிடும் போலிருந்தது. கேன் ஒரு பக்கம், சுவிட்ச் பெட்டி ஒரு பக்கம், நடுவில் தலைமுடி மொத்தத்தில் ஒரு இழை.

"விடுங்க மாயக்கா. இருபத்தஞ்சாம் நம்பரு ரிஜெக்ட். கேன் இங்கயே இருக்கட்டும், இதுலயே டீ ஊத்திக்கோங்க" என்றான் ஜனகராஜ். அந்த நிமிஷத்திலிருந்து டெஸ்டிங் அறை டீக்கடையாகவும் ஆனது. பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் கம்பெனியே டம்ளரோடு உள்ளே வந்து நின்றது. கோடு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் திண்டாடியது.

வியாழக்கிழமை காலை ஜனகராஜ் வேறு ஆளாக வந்தான். ராத்திரி பூராவும் யோசித்து ஒரு தாளில் படம் போட்டிருந்தான். சூடு பட்டால் கோடு வலது பக்கம் போகிறது. இழையைத் தளர்த்தினால் கோடு இடது பக்கம் வருகிறது. அப்படியென்றால், இழையை ஒரு தாங்கியில் இழுத்துக் கட்டி, சூடு ஏற ஏறத் தாங்கி தானாகவே இழையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக் கொடுத்தால், போவதும் வருவதும் சரியாகிக் கோடு நின்ற இடத்திலேயே நிற்கும். சூட்டில் அதிகமாக நீளும் உலோகம் ஒன்று, குறைவாக நீளும் உலோகம் ஒன்று. இரண்டையும் சரியாகக் கோத்தால் போதும்.

"அம்புட்டுத்தான? சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருவோம்ணே" என்றான் சோணை. சொன்ன மாதிரியே முடித்தும் கொடுத்தான். உலோகம் இரண்டையும் இடம் மாற்றிக் கோத்திருந்தான், அவ்வளவுதான். தாங்கி தளர்த்துவதற்குப் பதிலாக இழையை இன்னும் இழுத்தது. கோகுல்நாத் பக்கத்தில் வந்து ஒரு பெருமூச்சு விட்டதற்கே கோடு முன்னைப்போல இரண்டு மடங்கு ஓடியது.

இதற்கு நடுவில் யாரோ சுவிட்ச் பெட்டியை வேறு திருகி வைத்திருந்தார்கள்.

"மாயக்கா! இதுல கை வைக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

"இருபத்தஞ்சுக்குத்தேன் வச்சேன். என் கேன் கோட்ட நான் பாக்கக் கூடாதா?"

"அது ரிஜெக்ட்! அதப் பாத்து என்ன செய்யப் போறீங்க?"

"நீங்க நல்ல கோட்டப் பாத்து மட்டும் என்னத்தச் செஞ்சுட்டீக?" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். ஜனகராஜ் திருகை ஒன்றுக்குத் திருப்பினான்.

வெள்ளிக்கிழமை சோணை உலோகங்களை மாற்றிக் கோத்துக் கொண்டுவந்தான். ஜனகராஜ் ஒன்றாம் நம்பரைத் தாங்கியில் இழுத்துப் பசை வைத்து ஒட்டினான். பசை இறுகியதும் பயந்துகொண்டே திரையைப் பார்த்தான். கோடு நின்றது. கையால் பொத்தினான், நின்றது. ஐஸைக் காட்டினான், மேஜை விளக்கைக் காட்டினான். கோடு அடித்துவைத்த ஆணிபோல அப்படியே நின்றது. ஓடிப்போய்க் கோகுல்நாத்தை இழுத்து வந்தான். அவர் பார்த்தார், சௌராஷ்டிரத்தில் ஏதோ சொன்னார். இந்தத் தடவை அது திட்டு இல்லை.

சோணை மற்ற தாங்கிகளையும் செய்துகொடுக்க, சாயங்காலத்துக்குள் இருபத்துநாலையும் ஒட்டி முடித்தார்கள். இருபத்துநாலும் அசையவில்லை.

"ஒண்ணு குறையுதே?"

"ஒண்ணு டீ கேன்ல மாட்டிக்கிச்சு சார். கேட்டா, டெஸ்டிங்ல ரிஜெக்ட் ஆயிருச்சுன்னு சொல்லிக்குவோம்."

"சொல்லிக்குவோம். கண்டிப்பான கம்பெனின்னு பேர் வரும்" என்று கோகுல்நாத் டீயை உறிஞ்சினார். "அது என்ன, ரெண்டு நாளா டீ மட்டும் இம்புட்டு நல்லாயிருக்கு? நாக்கும் சுடல, ஆறியும் போகல."

மாயக்காள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வந்த என்ஜினியரின் பெயர் ஸ்வர்ணா. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பெங்களூரிலேயே வளர்ந்தவள் என்றாலும் நல்ல தமிழ் பேசினாள். பூங்கொத்து, பன்னீர் சோடா, முறுக்கு எல்லாவற்றையும் நாசூக்காகத் தள்ளி வைத்துவிட்டு, "நேரா டெஸ்டிங் பாத்துரலாம் சார். சூடான தண்ணி கொஞ்சம் கிடைக்குமா?" என்றாள்.

ஜனகராஜும் கோகுல்நாத்தும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சூட்டில் வைத்துத்தான் பார்க்கப் போகிறாள். நாம் நினைத்தது சரி.

ஸ்வர்ணா ஒன்றாம் நம்பரைச் சுடுதண்ணீர் டம்ளருக்குள் விட்டுத் திரையைப் பார்த்தாள். கோடு நின்றது. நெற்றியைச் சுருக்கினாள். இரண்டாம் நம்பர், மூன்றாம் நம்பர். இன்னும் கொதிக்கிற தண்ணீர் கேட்டாள். கோடு நின்றது. ஜனகராஜுக்குப் பெருமையில் மூச்சு முட்டியது.

"எல்லாமே இப்படித்தானா சார்?"

"இருபத்துநாலும் மேடம்!"

"ஒண்ணுகூட..."

"ஒண்ணுகூட!"

"வேற வகை எதுவும் வச்சிருக்கீங்களா?"

இதைவிடக் கறாரான சரக்கு கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டார் கோகுல்நாத். "மேடம், இதைவிட அசையாதது உலகத்துலயே கிடையாது. எங்க ஜனகராஜ் டிசைன். நீங்க அடுப்புல போட்டாலும் அசையாது."

ஸ்வர்ணா தாங்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ரொம்ப அருமையான வேலை சார். நிஜமாத்தான் சொல்றேன்." நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். "நான் ஊருக்குப் போய் லெட்டர் போடுறேன்."

கோகுல்நாத் தன் இரண்டு தங்கைகளுக்கு மாப்பிள்ளை பார்த்தவர். பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு 'ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்' என்று எழுந்துபோனவர்களில் ஒருவர்கூட லெட்டர் போட்டதில்லை. அவருடைய முகம் தொங்கிப்போயிற்று. என்ன குறை என்று கேட்டுவிடலாம்; கேட்டால் 'ஃபேக்ஸில் எழுதியிருந்தோமே' என்பாள்; ஃபேக்ஸை எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும். கேட்காமல் நின்றார்.

ஜனகராஜுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அசையாத கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அழுகை வரும் போலிருந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து வாசலில் மலையாண்டியின் குரல் கேட்டது. "மொதலாளி, கதவு அகலத்த மட்டும் அளக்க விட்டுப்போச்சு. டேப்ப எடுத்துட்டு வந்துட்டேன்."

"டாக்ஸி நிக்குதுல்ல? அப்ப நான் கிளம்புறேன்" என்று ஸ்வர்ணா எழுந்தாள்.

"அதெப்படி? ஒரு வாய் டீ குடிக்காமப் போகவா?" மாயக்காள் உள்ளே வந்து வழியை மறித்துக்கொண்டாள். கையில் கொதிக்கக் கொதிக்கப் போட்ட டீ பாத்திரம். அதை அப்படியே கேனில் ஊற்றினாள்.

"வேண்டாம்மா, ரொம்பச் சூடா இருக்கும். ஆறுற வரைக்கும் உக்கார நேரமில்ல."

"எதுக்கு உக்காரணும்? நிமிஷத்துல பதமாக்கித் தாரேன்." அவள் சுவிட்ச் பெட்டியை இருபத்தஞ்சுக்குத் திருகினாள். திரையில் ஒரு கோடு வலது ஓரத்தில், எட்டாவது கட்டத்தில் வந்து நின்றது. மாயக்காள் குழாயைத் திறந்து செம்பில் டீயைப் பிடித்து, உயரத் தூக்கி, மறுபடி கேனுக்குள் ஆற்றி ஊற்றினாள். கோடு கொஞ்சம் இடது பக்கம் வந்தது. இன்னொரு ஆற்று, இன்னும் கொஞ்சம் வந்தது.

அவள் டீயைப் பார்க்கவே இல்லை. கண் பூராவும் திரைமேலேயே இருந்தது.

"எட்டுல இருந்தா நாக்கு வெந்துரும். அஞ்சுக்கு வந்துட்டா ஆறுன டீ. ஆறாவது கட்டத்துல நிக்கணும்." மேலும் இரண்டு ஆற்று ஆற்றினாள். கோடு ஆறாவது கட்டத்தில் வந்து நின்றது. டம்ளரில் பிடித்து நீட்டினாள். "இப்பக் குடிங்க மேடம்."

ஸ்வர்ணா ஒரு வாய் குடித்தாள். டம்ளரைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். சுவிட்ச் பெட்டியிலிருந்து புறப்பட்ட இழையை விரலால் தொட்டுக்கொண்டே நடந்து டீ கேன் வரை வந்தாள். பையைத் திறந்து ஒரு சாதாரணத் தெர்மாமீட்டரை எடுத்துக் கேனுக்குள் விட்டு, எதையோ குறித்தாள். பிறகு மாயக்காளை இன்னும் இரண்டு தடவை ஆற்றச் சொல்லி, மறுபடி குறித்தாள்.

"கட்டத்துக்குப் பத்து டிகிரி. அப்ப டிகிரிக்கு 0.01, பிசகாம வருது" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள்.

ஜனகராஜ் பதறிப்போனான். இருக்கிற மானத்தையும் இந்த டீ கேன் வாங்கிவிடும் போலிருந்தது. "மேடம், அது ஒண்ணுமில்ல, அது சும்மா..."

ஸ்வர்ணா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மூடி வைத்த நோட்டை மறுபடி திறந்தாள். "இதே மாதிரி இருநூறு வேணும் சார். ரெண்டு மாசத்துல முடியுமா? அடுத்த வருஷத்துக்கு ஆயிரம் போகும்."

கதவில் டேப்பை வைத்துக்கொண்டிருந்த மலையாண்டிகூட அப்படியே நின்றுவிட்டார். கோகுல்நாத் முடியும் என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் ஜனகராஜின் நாலு வருடத்து மனசாட்சி முந்திக்கொண்டது.

"மேடம், தெரியாத மாதிரி விக்கக் கூடாது. இது ரிஜெக்ட் பீஸ். துளி சூடு பட்டாலும் கோடு அசஞ்சுரும்." கோகுல்நாத் அவன் காலை மிதித்தார். அவன் நிறுத்தவில்லை. "இதப் போட்டா டெலிபோன்ல ஒருத்தர் பேச்சு இன்னொருத்தருக்குப் போயிரும் மேடம்."

ஸ்வர்ணா பேனாவைப் பிடித்தபடியே நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்த டெலிபோன்? நாங்க ஃபேக்ஸ்ல கேட்டதே டிரான்ஸ்ஃபார்மருக்குள்ள வைக்கிற தெர்மாமீட்டர்தான சார்?"